கடலில் இருந்த நாட்களுக்குச் சான்று கொடுங்கள்

பாதுகாப்பு அமைச்சகம், கடற்படைத் தலைமையகம், கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் ஆகியவற்றில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

நான் இந்தியக் கடற்படையில் மாலுமியாகச் சேர்ந்து, பெரும்பாலும் எஞ்சின் ரூமிலேயே வேலை பார்த்து, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவன். இப்போது ராமநாதபுரம் மாவட்டத்தில் இருக்கிறேன். இளைஞர்களை நான்கு ஆண்டுக்கு மட்டும் படையில் சேர்க்கும் அக்னிபத் திட்டம் சரியா தவறா என்று வாதாட இதை எழுதவில்லை. அந்த வாதம் 2022 ஜூன் 14-இல் திட்டம் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து நடக்கிறது. நான் கேட்பது ஒன்றுதான். அந்தத் திட்டத்தில் சேர்ந்து, பணி முடிந்து வெளியே வரும் ஒவ்வொரு கடற்படை அக்னிவீரருக்கும், அவர் கடலில் இருந்த நாட்களுக்கும் பார்த்த வேலைக்கும் வணிகக் கப்பல் துறை ஏற்றுக்கொள்ளும் சான்றிதழ் கொடுங்கள். அதை வெளியே வரும் அன்றே கொடுங்கள்.

எங்கள் தெருப் பையன் ஒருவன் அக்னிவீரனாகப் போர்க்கப்பலில் எஞ்சின் பிரிவில் இருக்கிறான். விடுப்பில் வந்தவன், அடுத்து என்ன செய்யலாம் என்று விசாரிக்க, வணிகக் கப்பல்களுக்கு ஆள் அனுப்பும் ஒரு அலுவலகத்துக்குப் போயிருக்கிறான். அங்கே முதல் கேள்வியே, "சீ சர்வீஸ் லெட்டர் இருக்கா?" என்பதுதான். கடலில் வேலை பார்த்த நாட்களுக்கான சான்றுக் கடிதம் அது. இல்லை என்றதும், வணிகக் கப்பலில் கடைநிலை மாலுமியாகச் (ரேட்டிங்) சேர்வதற்கான ஆறு மாத ஜி.பி. ரேட்டிங் படிப்பில் சேரச் சொல்லி, கட்டண விவரத்தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து என்னிடம், "சித்தப்பா, மூணு வருஷமா கப்பல்லதான் இருக்கேன். முதல்லேருந்து படிக்கச் சொல்றாங்களே" என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தெரிந்த இடங்களில் எல்லாம் கேட்டுப் பார்த்தேன். ஆளுக்கொரு பதில் வந்தது.

வணிகக் கப்பலில் வேலை செய்பவரிடம் சி.டி.சி. என்ற கடற்பணிப் பதிவுப் புத்தகம் இருக்கிறது. எந்தக் கப்பலில் எந்தத் தேதியில் ஏறினார், எந்தத் தேதியில் இறங்கினார் என்று கேப்டன் கையெழுத்துப் போட்டு முத்திரை வைக்கிறார். அந்தப் புத்தகம் அவருடையது. எந்த நிறுவனத்தின் வாசலில் போய் நின்றாலும் எடுத்துக் காட்டலாம். கடற்படை மாலுமியிடம் அப்படி ஒன்று கிடையாது. அவர் தானாகக் குறித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. கப்பல் எப்போது கிளம்பியது, எப்போது திரும்பியது என்பதெல்லாம் வெளியே போகக் கூடாத விஷயம். 2019 டிசம்பரில் கப்பல்களிலும் தளங்களிலும் ஸ்மார்ட்போனையே தடை செய்தீர்கள். உளவு வழக்கு ஒன்று வெளிவந்திருந்த நேரம் அது. தடை சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். அந்தப் பையன் கடலில் கழித்த நாட்களின் கணக்கு முழுவதும் உங்கள் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. நீங்கள் எழுதிக் கொடுக்காவிட்டால், அவன் கப்பலில் இருந்தான் என்பதற்கே வேறு சாட்சி கிடையாது.

அவன் செய்யும் வேலை என்னவென்று எனக்குத் தெரியும், நானும் செய்தேன். நான்கு மணி நேர வாட்ச், அதாவது எந்திரங்களைக் கண்காணிக்கும் முறைப்பணி. காதில் கவசம் மாட்டியிருந்தாலும் இரைச்சல் எலும்பு வரை இறங்கும். மின்சாரம் தரும் டீசல் ஆல்டர்னேட்டரின் எண்ணெய் அழுத்தம், குளிர்விக்கும் நீரின் வெப்பம், கப்பலின் அடித்தளத்தில் (பில்ஜ்) தேங்கும் தண்ணீர் அளவு எல்லாவற்றையும் மணிக்கு மணி பார்த்து லாக் பதிவேட்டில் எழுத வேண்டும். ஓட்டம் கேஸ் டர்பைனில் என்றாலும் பல கப்பல்களில் மின்சாரம் தருவது டீசல் எந்திரம்தான். பம்ப், ஏர் கம்ப்ரசர், எண்ணெய் சுத்திகரிப்பான், குளிர்சாதனப் பிளான்ட் எல்லாம் வணிகக் கப்பலிலும் உள்ளவையே. தீயணைப்புப் பயிற்சியைக் கேட்கவே வேண்டாம். போர்க்கப்பலில் அது நாள் தவறாத வேலை. இவ்வளவும் தெரிந்த ஒருவனை அடிப்படைப் படிப்பில் உட்கார வைப்பது அவனுக்கும் நஷ்டம், அவனுக்குப் பயிற்சி கொடுத்த நாட்டுக்கும் நஷ்டம்.

நான் கேட்பது புதிய சலுகையும் அல்ல. திட்டம் அறிவிக்கப்பட்ட அதே 2022 ஜூனில், கடற்படை அக்னிவீரர்கள் வணிகக் கப்பலுக்கு மாற ஆறு வழிகள் உண்டு என்று கப்பல் போக்குவரத்து அமைச்சகமே அறிவித்தது. ரேட்டிங், மின்பிரிவு, சமையல்காரர் எல்லாம் அதில் இருந்தன. படித்தபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன். அந்த அறிவிப்பை நம்பித்தான் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளை அனுப்பினார்கள். அது செய்தித்தாளில் வந்தால் போதாது, பையனின் பைக்குள் ஒரு தாளாக இருக்க வேண்டும்.

2022 இறுதியில் ஒடிசாவில் உள்ள கடற்படைப் பயிற்சித் தளமான ஐ.என்.எஸ். சில்காவில் சேர்ந்தது அக்னிவீரர்களின் முதல் தொகுதி. அவர்களின் நிறைவு அணிவகுப்பை 2023 மார்ச் 28-இல், பொழுது சாய்ந்த பிறகு விளக்கொளியில் நடத்தினீர்கள். 2026 இறுதியில் அவர்களுக்கு நான்கு ஆண்டு நிறைகிறது. திட்டம் அறிவிக்கப்பட்டபோது சொன்னபடி, நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்படுபவர்கள் 25 விழுக்காடு வரை. மற்றவர்களுக்கு சேவா நிதி என்று பணி முடியும்போது ஒரே தொகையாக, வட்டியோடு சுமார் 11.71 லட்சம் ரூபாய். அதில் பாதி, மாதாமாதம் அவர்கள் சம்பளத்தில் பிடித்ததுதான். ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. எனக்குக் கிடைத்த எதுவும் அவனுக்கு இல்லை என்றால், கற்ற தொழிலுக்குச் சான்றாவது இருக்க வேண்டாமா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2022 குடியரசு தின அணிவகுப்பில் கடற்படையின் அலங்கார ஊர்தி, ஆங்கிலேய ஆட்சியில் இந்திய மாலுமிகள் நடத்திய 1946 பிப்ரவரி எழுச்சியைக் காட்டியது. பெருமையாக இருந்தது. பம்பாய் 'தல்வார்' தளத்தில் 18-ஆம் தேதி தொடங்கி, கராச்சி, கல்கத்தா, நம் சென்னையின் 'அடையாறு' தளம் வரை பரவிய எழுச்சி அது. சாப்பாடும் அதிகாரிகளின் வசவும் மட்டும் அதற்குக் காரணம் அல்ல. போர் முடிந்துவிட்டது, ஆயிரக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள், போய் என்ன செய்வது என்ற கவலை அந்த இளைஞர்களை அரித்துக்கொண்டிருந்தது. அவர்கள் வைத்த கோரிக்கைகளில், விடுவிக்கும்போது கொடுத்த உடுப்பைத் திருப்பிக் கேட்கக் கூடாது என்பதும் ஒன்று. உடுப்பைக் கூட எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்திருக்கிறார்கள். அவர்களை ஜனவரியில் ஊர்தியில் ஏற்றி வணங்கிவிட்டு, அதே ஆண்டு ஜூனில் நான்கு ஆண்டுப் பணியை அறிவித்தீர்கள். கொடியை மாற்றினீர்கள், அதிகாரிகளின் தோள்பட்டைச் சின்னத்தை மாற்றினீர்கள், கடற்படை நாளைத் தலைநகருக்கு வெளியே மக்கள் முன் பெரிய விழாவாக நடத்துகிறீர்கள். எனக்கு அவற்றில் குறை இல்லை. ஆனால் அதற்கெல்லாம் நேரமும் பணமும் இருக்கும்போது, மாலுமிக்கு ஒரு தாள் அச்சடிக்க மட்டும் ஏன் தயக்கம் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததைத் திரும்பவும் பணிவோடு கேட்கிறேன்.

கப்பல் எங்கே போனது, எப்போது போனது என்று சான்றிதழில் எழுத வேண்டியதில்லை. கடலில் இருந்த மொத்த நாட்கள், நின்ற வாட்ச், கையாண்ட எந்திரங்கள், எந்திரத்தின் திறன் 750 கிலோவாட்டுக்கு மேலா கீழா, முடித்த பயிற்சிகள் ஆகியவை போதும். ரகசியம் எதுவும் வெளியே போகாது. பணிக்காலம் முழுக்கக் கரையில், அரக்கோணம் ராஜாளி போன்ற தளங்களில் இருந்தவர்களுக்குக் கடல் நாட்கள் குறைவாகத்தான் இருக்கும். அவர்களுக்கு எந்தப் படிப்பில் எவ்வளவு விலக்கு என்பதையும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். தலைமை இயக்குநரகம் அந்தப் படிவத்தை முன்கூட்டியே ஏற்று, சுற்றறிக்கையாகத் தமிழ் உள்பட எல்லா மொழிகளிலும் வெளியிட வேண்டும். இல்லையென்றால் "சி.டி.சி. வாங்கித் தருகிறேன்" என்று சேவா நிதிப் பணத்தின் மேல் கண் வைத்து வரும் ஏஜெண்டுகளிடம்தான் இந்தப் பையன்கள் போய் நிற்பார்கள். எங்கள் கடற்கரை ஊர்களில் அவர்களுக்குப் பஞ்சமே இல்லை.

முதல் தொகுதி வெளியே வரும் அன்று, கடைசியாகக் கையெழுத்து வாங்கும் அதே மேசையில் வைத்து இந்தச் சான்றிதழைக் கொடுங்கள். பிறகு விண்ணப்பித்துப் பெற்றுக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். மாதிரிப் படிவம் தயாரிக்க எஞ்சின் ரூம் அனுபவம் உள்ளவர்கள் தேவைப்பட்டால், என்னைப் போன்ற ஓய்வு பெற்ற மாலுமிகள் எந்த ஊதியமும் இல்லாமல் வந்து உட்காரத் தயாராக இருக்கிறோம்.

மரியாதையுடன்,
முன்னாள் கடற்படை மாலுமி ஒருவன்,
ராமநாதபுரம் மாவட்டம்