மேரி கியூரியைப் பொது அறிவு வினாவாகச் சுருக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்கட்கு,

நவம்பர் 7 மேரி கியூரி பிறந்த நாள். அதனையொட்டிப் பாடசாலைகளில் நடைபெறும் பொது அறிவுப் போட்டிகளில் அவர் நோபல் பரிசு பெற்ற ஆண்டுகள் கேட்கப்படும். பிள்ளைகளும் 1903, 1911 எனப் பிழையின்றி எழுதிவிடுவார்கள். வன்னியில் நீண்ட காலம் விஞ்ஞானம் கற்பித்தவள் என்ற வகையில், அவரைப் பற்றி எமது பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவை இன்னும் நிறைய உள்ளன என்று கருதுகிறேன்.

ஒருமுறை தரம் 10 வகுப்பில் மாணவி ஒருத்தி எழுந்து, "ரீச்சர், அம்மாவின்ர முதுகில இருக்கிற செல்துண்டை எக்ஸ்றேயில காட்டினவை. எக்ஸ்றேயைக் கண்டுபிடிச்சது இவவோ?" என்று கேட்டாள். கண்டுபிடித்தவர் ரொன்ட்ஜன், ஆண்டு 1895 என்று சொல்லி நான் முடித்திருக்கலாம். ஆனால் 1914இல் முதலாம் உலகப் போர் மூண்டபோது எக்ஸ்றே இயந்திரத்தை மோட்டார் வாகனத்தில் ஏற்றி, அந்த வாகனத்தைக் கொண்டே மின்சாரம் பிறப்பித்து, போர்முனைக்கு அண்மையிலிருந்த வைத்தியசாலைகளுக்குக் கொண்டு சென்றவர் மேரி கியூரி. 17 வயது மகள் ஐரீனும் அவருடன் பணியாற்றினாள். காயப்பட்டவரின் உடலில் சன்னம் எங்கே கிடக்கிறது என்பதைச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே வைத்தியருக்குக் காட்டுவதுதான் அவர்களுடைய வேலை. இதைச் சொன்னதும், தத்தம் வீட்டில் யாருக்கு எந்த இடத்தில் எறிகணைத் துண்டு இருக்கிறது என்று பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள். அன்று பாடவேளை போதவில்லை.

சில மூலகங்களின் அணுக்கள் தாமாகவே சிதைந்து கதிர் வெளிவிடும் கதிர்த்தொழிற்பாட்டையும் கைக்கு எட்டும் பொருளால் விளக்கலாம். ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கிய 100 புளியங்கொட்டைகளைக் குலுக்கிப் போட்டு, வெள்ளை மேலே விழுந்தவற்றை அகற்றி, எஞ்சியவற்றை மீண்டும் மீண்டும் குலுக்கினால் 50, 25, 12 என ஏறத்தாழப் பாதி பாதியாகக் குறையும். அடுத்து எந்தக் கொட்டை வெளியேறும் என்று எவராலும் சொல்ல முடியாது. எத்தனை எஞ்சும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். கொட்டைகளை அணுக்களாகக் கொண்டால், அவற்றில் பாதி சிதைய எடுக்கும் காலமே, அதாவது ஒரு குலுக்கலே, அரைவாழ்வுக் காலம். மேரி கியூரியும் கணவர் பியேரும் கண்டுபிடித்த இரேடியம் என்ற மூலகத்துக்கு ஒரு குலுக்கல் ஏறத்தாழ 1600 ஆண்டுகள்.

அந்த இரேடியத்துக்காக, மழை ஒழுகும் கொட்டகையில் தொன் கணக்கான தாதுக் கழிவை இரும்புத் தடியால் கிளறிக் காய்ச்சி, 1902இல் மேரி பிரித்தெடுத்த இரேடியம் குளோரைட்டு ஒரு கிராமில் பத்திலொரு பங்கு. அது இருளில் ஒளிர்வதைப் பார்ப்பதற்கென்றே அவரும் பியேரும் இரவில் கொட்டகைக்குப் போவதுண்டு. நீண்ட காலம் கதிர் பட்டதால் என்பு மச்சை குருதிக் கலங்களை ஆக்கும் திறனை இழந்து 1934இல் மேரி காலமானார் என்று கருதப்படுகிறது. இரேடியம் படிந்த அவருடைய குறிப்புப் புத்தகங்கள் இன்றும் பாரிஸில் ஈயப் பெட்டிகளில் வைத்துக் காக்கப்படுகின்றன.

இப்பகுதியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எக்ஸ்றே எடுத்தால் கதிர் உடலில் தங்கிவிடும் என்று அஞ்சுவோரும், தெல்லிப்பழை, மகரகம புற்றுநோய் வைத்தியசாலைகளுக்குக் கதிர்ச் சிகிச்சைக்குச் சென்று வந்தவரின் அருகில் பிள்ளைகளை விட மறுப்போரும் எமது ஊர்களில் உள்ளனர். எக்ஸ்றே இயந்திரத்தின் ஆளியை நிறுத்தியதும் கதிரும் நின்றுவிடும். இரேடியத்துக்கு அத்தகைய ஆளி இல்லை. வெளியிலிருந்து கதிர் பாய்ச்சிச் சிகிச்சை பெற்றவரின் உடலிலிருந்து கதிர் வெளிவருவதும் இல்லை. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்ட பிள்ளை வீட்டிலுள்ளோருக்கும் எடுத்துச் சொல்லும்.

ஆகவே நவம்பர் நிகழ்வுகளை ஒழுங்குசெய்யும் ஆசிரியர்களும் கல்வி வலய அதிகாரிகளும் வினாத்தாளோடு நின்றுவிடாது, ஒரு பாடவேளையையாவது இத்தகைய செய்முறைக்கு ஒதுக்குமாறு வேண்டுகிறேன். புளியங்கொட்டைகளைத் தேய்த்துவருமாறு முதல் நாளே சொல்லிவிட்டால் போதும், பிள்ளைகள் கொண்டுவருவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
கிளிநொச்சி.