பள்ளியின் ரேட்டிங் யாரைப் பற்றிச் சொல்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்காவுக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் பள்ளியைப் பார்த்து வீடு தேடுவது எப்படி என்று உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். இங்கே அரசு நடத்தும் பொதுப் பள்ளியில் இடம் பெரும்பாலும் வீட்டு முகவரியைப் பொறுத்தது, அந்தப் பள்ளிக்கு இணையதளங்கள் தரும் மதிப்பெண்தான் ரேட்டிங். அது பத்துக்கு எட்டு இல்லையென்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள் என்கிற தொனி கட்டுரையில் இருந்தது. வாட்ஸ்அப் குழுக்களிலும் இதே பேச்சுதான். இங்கே நடுநிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் அப்பா என்ற முறையில் இதைக் கொஞ்சம் மறுத்துப் பேச வேண்டியிருக்கிறது.

இங்கே நடுநிலைப் பள்ளி என்றால் பெரும்பாலும் 6 முதல் 8 வரை. 3ஆம் வகுப்பிலிருந்து 8ஆம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் மாநிலத் தேர்வு நடத்த வேண்டும் என்பது மத்தியச் சட்டம். முடிவுகளை மொத்தமாக மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. இனவாரியாகவும், ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள், மாற்றுத்திறன் மாணவர்கள், ஆங்கிலம் இன்னும் கற்றுக்கொண்டிருப்பவர்கள் என்றும் பிரித்து வெளியிட வேண்டும், முன்பே இருந்த இந்த விதியை 2015ஆம் ஆண்டு மத்தியக் கல்விச் சட்டமும் தொடர்கிறது. இவ்வளவும் இலவசமாகக் கிடக்க, நாம் ஒரே ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு முப்பது வருட வீட்டுக் கடனில் கையெழுத்துப் போடுகிறோம்!

அந்த ஒரு எண் எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. முதல் பள்ளியில் நூறு பிள்ளைகள், அதில் வசதியானவர்கள் 80 பேர், ஏழைகள் 20 பேர். வசதியானவர்களில் 80 சதவீதமும் ஏழைகளில் 30 சதவீதமும் தேர்ச்சி என்றால் மொத்தம் 70 பேர். இரண்டாவது பள்ளியில் வசதியானவர்கள் 40, ஏழைகள் 60. அங்கே வசதியானவர்களில் 85 சதவீதம், ஏழைகளில் 45 சதவீதம் தேர்ச்சி. கூட்டிப் பாருங்கள், 61தான் வரும். இரண்டு பிரிவுப் பிள்ளைகளுக்கும் இரண்டாவது பள்ளிதான் மேல், ஆனால் பட்டியலில் அது கீழே கிடக்கும், வீடு தேடுகிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் 1966இல் வெளிவந்த அரசு ஆய்வறிக்கையே, மதிப்பெண்ணில் தெரியும் வித்தியாசத்தில் பெரும் பங்கு குடும்பப் பின்னணியோடு சேர்ந்தது என்று சொல்லிவிட்டது. அதற்காகப் பள்ளியால் ஒன்றும் ஆகாது என்று முடிவுகட்டுவதும் தப்பு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கல்வி ஆய்வாளர் ஷான் ரியர்டன், சிகாகோ பொதுப் பள்ளிப் பிள்ளைகளின் மதிப்பெண்களை 2009 முதல் 2014 வரை, அதாவது 3ஆம் வகுப்பிலிருந்து 8ஆம் வகுப்பு வரை, பின்தொடர்ந்து பார்த்தார். ஐந்து வருடத்தில் அவர்கள் சராசரியாக ஆறு வருடப் படிப்பு அளவுக்கு முன்னேறியிருந்தார்கள். அந்தப் பள்ளிகளில் பெரும்பாலானோர் ஏழைகள், கறுப்பின, லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகள். சராசரி மதிப்பெண்ணை மட்டும் பார்த்திருந்தால் சிகாகோவை யார் சீந்தியிருப்பார்கள்? ஒரு பிள்ளை எங்கே நிற்கிறது என்பது ஒன்று, ஒரு வருடத்தில் எவ்வளவு தூரம் வந்தது என்பது வேறு. பள்ளியின் உழைப்பு இரண்டாவதில்தான் அதிகம் தெரியும். சில ரேட்டிங்குகள் இந்த வளர்ச்சியையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகின்றன, ஆனால் எல்லாவற்றையும் ஒரே எண்ணாகப் பிசைந்து தந்தால் படிப்பவருக்கு எது எவ்வளவு என்று எப்படித் தெரியும்?

அப்புறம், இந்த மாணவர் பிரிவுகளையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. ஏழைப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதைப் பல காலமாக மதிய உணவுச் சலுகையை வைத்தே கணக்கிட்டார்கள், குடும்ப வருமானம் வறுமைக்கோட்டைப் போல 1.85 மடங்குக்குள் இருந்தால் சலுகை. இப்போது ஏழைகள் அதிகமுள்ள பள்ளிகள் விண்ணப்பமே கேட்காமல் எல்லோருக்கும் இலவசச் சாப்பாடு போடலாம், 2014லிருந்து நாடு முழுவதும் இது உண்டு. சாப்பாட்டு விஷயத்தில் அருமையான ஏற்பாடு, அதில் எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் இல்லை. ஆனால் பழைய முறையில் எண்ணினால் அங்கே டாக்டர் வீட்டுப் பிள்ளையும் ஏழைக் கணக்கில் வந்துவிடும்.

ஆங்கிலம் கற்றுக்கொண்டிருப்பவர்கள் என்ற பிரிவு இன்னும் வேடிக்கை. நன்றாகக் கற்றுக்கொண்ட பிள்ளை அந்தப் பிரிவை விட்டே வெளியே போய்விடும், புதிதாக வந்தவர்கள் உள்ளே வருவார்கள். பள்ளி எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்தாலும் அந்த வரிசையில் மதிப்பெண் தாழ்ந்தேதான் தெரியும். வெளியேறியவர்களையும் நான்கு ஆண்டுகள் வரை சேர்த்துக் கணக்கிட மாநிலங்களுக்குச் சட்டம் இடம் கொடுத்திருப்பது இதனால்தான்.

நம் ஆட்கள் முதலில் தேடுவது ஆசியர் எத்தனை சதவீதம் என்ற வரியை. மென்பொருள் வேலைக்கு வந்தவர் வீட்டுப் பிள்ளையும், அகதியாக வந்து சேர்ந்த பூட்டான், பர்மாக் குடும்பத்துப் பிள்ளையும் அதே ஒரு வரியில்தான் இருக்கிறார்கள். அந்தச் சதவீதம் கூடினால் படிப்பும் கூடும் என்று நினைப்பதைக் கணக்கு என்று சொல்ல முடியாது. வெளிப்படையாகச் சொன்னால், நம் பிள்ளை யாரோடு உட்காரக் கூடாது என்று நாமே முடிவுசெய்துவிட்டு அதற்கு ரேட்டிங்கைத் துணைக்கு அழைக்கிறோம், சொல்லத்தான் கூச்சம்.

ஒரு நடுநிலைப் பள்ளியைப் பற்றி உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியவை வேறு. 6ஆம் வகுப்பில் பின்தங்கி வந்த பிள்ளை 8ஆம் வகுப்பு முடிக்கும்போது எங்கே நிற்கிறது? 8ஆம் வகுப்பில் அல்ஜீப்ரா எடுக்க யாருக்கெல்லாம் வாய்ப்புக் கொடுக்கிறார்கள்? அடிக்கடி பள்ளிக்கு வராமல் போகிறவர்கள் எவ்வளவு, ஆசிரியர்கள் நிலைத்து இருக்கிறார்களா? கொரோனாவுக்குப் பிறகு இந்தக் கேள்விகளுக்கு இன்னும் அவசரம் கூடியிருக்கிறது. நாடு முழுவதும் மாதிரிக்குத் தேர்ந்தெடுத்த மாணவர்களுக்கு நடத்தும் தேசிய மதிப்பீட்டுத் தேர்வில் (NAEP) 8ஆம் வகுப்புக் கணக்குச் சராசரி 2019க்கும் 2022க்கும் நடுவில் 8 புள்ளி சரிந்தது, 2024இலும் அது மீளவில்லை.

அடுத்த முறை பள்ளிப் பட்டியல் வெளியிடும்போது ரேட்டிங் எண்ணுக்குப் பக்கத்தில் ஆண்டு வளர்ச்சி, பிரிவுவாரித் தேர்ச்சி என்ற இரண்டு பத்திகளையும் சேர்த்து அச்சிடுங்கள். இரண்டும் மாநிலக் கல்வித் துறைகளின் இணையதளங்களில் பெரும்பாலும் கிடைக்கும், எடுத்துத் தொகுக்க ஒரு ஆளும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

இப்படிக்கு,
நடுநிலைப் பள்ளி மாணவியின் தந்தை ஒருவர்