ஈயத்தைப் பார்த்து இளித்த பித்தளை

யார்க், இங்கிலாந்து

அன்புள்ள சுந்தரம்,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாத குற்றத்துக்கு இந்த ஊர்க் குளிரையோ என் மூட்டுவலியையோ சாட்சிக்கு அழைக்கப்போவதில்லை. நான் ஒரு வேகன் கட்டிக்கொண்டிருந்தேன். பொன்மலைப் பணிமனையில் ஆயுளெல்லாம் நிஜ வேகன்களோடு மல்லுக்கட்டிய பிட்டரிடம், 66 மில்லிமீட்டர் நீளமுள்ள மாதிரி வேகன் ஒன்றைப் பற்றி எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இங்கு எல்லோரும் நலம். பேரனுக்குப் பல் முளைத்துவிட்டது.

பிரிட்டிஷ் ரயில்வே 1950களில் நிலக்கரிக்கென்று இரண்டு லட்சத்துக்கும் மேல் ஓடவிட்ட 16 டன் இரும்பு வேகன் அது. ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர் என்பது அளவு. ஆகவே இரண்டு அச்சுகளுக்கும் இடையே இருந்த 9 அடி, என் மேசையில் 36 மில்லிமீட்டர். பாகங்கள் அனைத்தும் மெல்லிய பித்தளைத் தகட்டில் அமிலத்தால் அரித்தெடுக்கப்பட்டு, பஞ்சாங்கத் தாள்போல் தட்டையாக வந்தன. மடிக்க வேண்டிய இடத்தில் பாதி ஆழத்துக்கு அரித்த கோடு இருக்கும். கோடு உட்புறம் வருமாறு ஒரே முறை மடிக்க வேண்டும். நான் வெளிப்புறம் மடித்து, நிமிர்த்தி, திரும்பவும் மடித்தபோது ஒரு பக்கச் சுவர் கையோடு வந்துவிட்டது. கணக்கெழுதிய கை வேறென்ன செய்யும் என்று நீ முணுமுணுப்பது இங்கே கேட்கிறது.

உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது. உடல் பித்தளை, ஆனால் அச்சு முனைகளைத் தாங்கும் ஆக்சில் பாக்ஸ்களும் ஸ்பிரிங்குகளும் ஈயமும் வெள்ளீயமும் கலந்து வார்த்தவை. பித்தளையை ஒட்டிய அதே சூட்டில் சால்டரிங் அயர்னை ஓர் ஆக்சில் பாக்ஸின்மேல் வைத்தேன். ஸ்பிரிங்கின் அத்தனை அடுக்குகளும் தெரியச் செதுக்கியிருந்த அந்த அழகான துண்டு, ஒரு கணம் பளபளத்தது. அடுத்த கணம் மேசையில் வெள்ளிச் சொட்டாக உருண்டது. ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்று உன் அம்மா யாரைச் சொல்வார் என்று உனக்குத் தெரியும். அன்று அது என்னைப் பார்த்தே இளித்தது.

இத்தகைய துண்டுகளுக்கென்றே 70 டிகிரியில் உருகும் சால்டர், அதாவது பற்றவைக்கும் உலோகம், ஒன்று இருக்கிறது. கொதிக்கும் நீரே போதும் அதை உருக்க. ஆனால் அது பித்தளையில் ஒட்டாது. முதலில் பித்தளையின்மேல் சாதாரண சால்டரைப் படலமாகப் பூசிவிட்டு, சூட்டைக் குறைத்து, பிறகே இதை வைக்க வேண்டுமாம். இதைப் படித்ததும் உங்கள் வீட்டு வாசல்தான் நினைவுக்கு வந்தது. துருத்தியை ஊதி, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளைப் புகைக்கு நடுவே பஞ்சால் ஒரே இழுப்பில் அண்டாவுக்கு ஈயம் பூசிவிட்டுப் போவாரே, அவர் செய்ததும் இதுதான். அறுபது ஆண்டுகள் கழித்து அந்தத் தொழிலின் முதல் பாடத்தை நான் படிக்கிறேன்.

முடித்து, நிலைக்கண்ணாடியைக் கிடத்தி அதன்மேல் வைத்தேன். மூன்று சக்கரங்கள் பட்டன; நான்காவதன் அடியில் ஒரு தபால்தலை தாராளமாக நுழைந்தது. தண்டவாளத்தில் முதல் வளைவிலேயே இறங்கிவிட்டது. இரண்டு நாள் உடலை முறைத்துப் பார்த்த பிறகுதான் என் புத்திசாலித்தனம் புரிந்தது. ஓர் அச்சை மட்டும் நடுவில் ஒரு கம்பியின்மேல் தொட்டில்போல் ஆடவிட வேண்டும் என்று குறிப்பில் போட்டிருக்கிறது. நான் அதைத் தயாரிப்புக் கோளாறு என்று எண்ணி இறுக ஒட்டிவிட்டிருக்கிறேன். நாற்காலி தள்ளாடும், முக்காலி தள்ளாடாது, அவ்வளவுதான் விஷயம். ஒட்டியதைச் சூடுகாட்டி விடுவித்ததும் நான்கு சக்கரங்களும் கண்ணாடியில் உட்கார்ந்தன. அதை விரலால் தள்ளித் தள்ளி ஓட்டிக்கொண்டிருந்ததில் அன்று இரவுச் சாப்பாடு ஆறிப்போனது.

சுந்தரம், போன வாரம் உன் மகள் பேசினாள். ஓய்வு பெற்றதிலிருந்து நீ ஒரு திருப்புளியைக்கூடத் தொடவில்லை என்றும், கருவிப்பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டாய் என்றும் சொன்னாள். காரணத்தை அவளிடம் நான் கேட்கவில்லை, உன்னிடமும் கேட்கப்போவதில்லை. ஆனால் ஒரு முழு ரயில்பெட்டியின் சட்டத்தை மூலைக்கு மூலை அளந்து நேராக்கிய கை, தொலைக்காட்சியின் பொத்தானை மட்டும் அழுத்திக்கொண்டிருக்கிறது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே இன்னொரு வேகனின் பாகங்களை இந்த வாரம் தபாலில் அனுப்புகிறேன். பித்தளையைத் துடைக்கும் பாஸ்பாரிக் அமிலத்தைத் தபாலில் அனுப்ப முடியாது, அங்கேயே வாங்கிக்கொள். பெயின்ட் அடிக்கும்போது பக்கவாட்டில் சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு போட வேண்டும். கோட்டின் மேல்நுனி கதவு உள்ள முனையைக் காட்ட வேண்டும், ஏனெனில் எந்தப் பக்கம் கவிழ்த்தால் நிலக்கரி கொட்டும் என்பதை அதை வைத்துத்தான் தொழிலாளர்கள் அறிந்தார்கள்.

பெட்டியைத் திறந்ததும் என்னைத் திட்டாதே. ஆக்சில் பாக்ஸ் மூன்றுதான் இருக்கும். உருகியதற்குப் பதில் ஒன்றை உன்னுடையதிலிருந்து எடுத்துவிட்டேன். நான்காவதை நீயே அரம் போட்டுச் செய்துகொள்.

என்றும் உன்,
கணக்குப்பிள்ளை