பக்கவிளைவையும் முன்கூட்டியே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கருத்தடை சாதனம் எத்தனை ஆண்டு தாங்கும் என்று சொல்பவர்கள், உடம்பு என்ன பாடுபடும் என்பதைச் சொல்வதில்லை. பிரசவம் முடிந்த கையோடு காப்பர்-டி போட்டுக்கொண்ட என் தங்கை, மூன்றாம் மாதமே எடுத்துவிட்டாள். "இப்படிப் போகுதே, உள்ளே ஏதோ ஆயிடுச்சுக்கா" என்று அழுதாள். முதல் சில மாதங்கள் உதிரப்போக்கும் வயிற்றுவலியும் கூடலாம், பெரும்பாலோருக்கு அப்புறம் குறையும் என்று யாராவது சொல்லியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

அந்தரா கருத்தடை ஊசி மூன்று மாதத்துக்கு ஒன்று. மாதவிலக்கு தாறுமாறாகும், சிலருக்கு நின்றே போகும். நிறுத்திய பிறகு கரு தங்கப் பல மாதங்கள் ஆகலாம். அடுத்த வருடமே குழந்தை வேண்டும் என்பவருக்கு இது தெரிய வேண்டாமா? லக்னோவில் உருவான சாயா கருத்தடை மாத்திரையில் ஸ்டீராய்டு ஹார்மோன் இல்லை. தாய்ப்பால் கொடுப்பவரும் சாப்பிடலாம், மாதவிலக்கு மட்டும் சற்றுத் தள்ளிப்போகக்கூடும். ஹார்மோன் உள்ள மாலா-என் மாத்திரை அப்படியல்ல. பால் கொடுப்பவர்கள் முதல் ஆறு மாதம் அதைத் தவிர்க்க வேண்டும்.

இத்தனையும் பெண்ணின் தலையில்தான். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில், மணமான தம்பதிகளிடையே பெண் கருத்தடை அறுவை 37.9 சதவீதம், ஆண்களுடையது வெறும் 0.3! தையல் இல்லாத வாசக்டமி என்னும் ஆண் கருத்தடை அறுவை செய்துகொண்டவர் அன்றே வீடு திரும்பலாம். மூன்று மாதம் ஆணுறை, பிறகு ஒரு விந்துப் பரிசோதனை, அவ்வளவுதான்.

பிரசவ வார்டிலேயே கணவனையும் உட்காரவைத்து, இவற்றை அச்சிட்ட தாளாகக் கையில் கொடுக்க சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஒரு வாசகி,
மதுரை