ஞாயிறு கூடுகை: ரோவர் தாமஸ்

நண்பர்களே, வணக்கம். ஞாயிறு மாலை 6 மணிக்கு கூகுள் மீட்டில் சந்திக்கிறோம். இம்முறை ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியர் ரோவர் தாமஸ் (1998இல் மறைந்தவர்).

வாழ்நாளில் பெரும்பகுதி மாட்டுப்பண்ணைகளில் குதிரையேறி மந்தை மேய்த்தவர். தூரிகை எடுத்தது ஐம்பதைத் தாண்டிய பிறகுதான். வடமேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியிலுள்ள வார்முன் ஊர்க்காரர்கள் சடங்கு ஆட்டத்தில் தோளில் தூக்கிவந்த ஒட்டுப்பலகைகளில் தொடங்கிய பாணி இது. காவி, மஞ்சள், கருப்பு, வெள்ளை: எல்லாம் மண்ணும் கல்லும் கரியும் அரைத்து, மரப்பிசினில் குழைத்தது. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், பளபளப்பே இருக்காது. மண்சுவர் மாதிரி நறநறப்பு தெரியும். குன்று, ஆறு, சாலை எல்லாம் மேலிருந்து பார்த்தபடி. ஓரங்களில் வெள்ளைப் புள்ளி வரிசை.

1990இல் இத்தாலியின் வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சிக்கு ஆஸ்திரேலியா சார்பில் போனார். கான்பெராவின் தேசியக் கலை அரங்கில், வண்ணப் பரப்புகளாலேயே வரைந்த அமெரிக்க அரூப ஓவியர் மார்க் ராத்கோவின் ஓவியத்தைப் பார்த்து, "யாரப்பா இவன், என்னை மாதிரியே வரையறான்?" என்றாராம்! அதற்காக ரோவர் தாமஸையும் 'அரூப ஓவியர்' (உருவமற்றதை வரைபவர்) என்று யாரும் பேச ஆரம்பிக்க வேண்டாம். அவர் வரைந்தது பெயருள்ள இடங்களை.

வர முடிந்தவர்கள் சனிக்கிழமைக்குள் கைதூக்குங்கள். படங்களை வேறு குழுக்களுக்கு அனுப்பினால் ஓவியர் பெயரையும் ஊரையும் சேர்த்தே அனுப்பவும்.