கேபிள்காரனுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம்

டேய் கேபிள்காரா,

நாலு மாதமாகப் பதில் போடவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு மூட்டுவலி அப்படியேதான். குண்டனுக்குப் பெண் குழந்தை, உனக்கு முன்னமே தெரிந்திருக்கும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் ஒரு பிழை மூன்று நாள் என் உயிரை எடுத்துவிட்டது. எங்கள் சர்வரிலிருந்து ஒரு வாடிக்கையாளருக்கு விபிஎன் (இணையத்துக்குள் போடும் தனிப் பாதை, டனல்) வழியாக ரிப்போர்ட் போகும். சின்ன ரிப்போர்ட் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடுகிறது, கொஞ்சம் பெரியது என்றால் எரர்கூட இல்லாமல் அப்படியே நிற்கிறது. எங்கள் லாகில் 'அனுப்பியாச்சு', அவர்கள் பக்கம் 'வரவே இல்லை'. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜேசன் லைப்ரரியை மாற்றினேன், டைம்அவுட்டை 30 நொடியிலிருந்து 120 ஆக்கினேன். சிரிக்காதே.

மூன்றாம் நாள் ராத்திரி வேறு வழியில்லாமல், நெட்வொர்க்கில் போகிற வருகிற ஒவ்வொரு துண்டையும் காட்டும் டிசிபிடம்ப் போட்டுப் பார்த்தேன். கனெக்‌ஷன் ஒழுங்காகத் தொடங்குகிறது, அப்புறம் ஒரே 1460 பைட் துண்டு திரும்பத் திரும்பப் போகிறது, ஒவ்வொரு தடவையும் இடைவெளி இரண்டு மடங்காகிறது, அந்தப் பக்கமிருந்து சத்தமே இல்லை. அப்போதுதான் நீ என்றைக்கோ புலம்பிய எம்டியு, அதுதான் ஒரு துண்டு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற வரம்பு, ஞாபகம் வந்தது. ஈத்தர்நெட்டில் 1500 பைட் போகும், டனலுக்குள் அதன் சொந்த ஹெடர் இடம் பிடிப்பதால் அவ்வளவு போகாது. ரயில்வே சப்வேக்குள் நுழைய முடியாத உயரத்துக்கு லோடு ஏற்றிய லாரி மாதிரி. 'உயரம் அதிகம், குறைத்துக்கொண்டு வா' என்று ஐசிஎம்பியில், அதாவது நெட்வொர்க் தன் கோளாறுகளைச் சொல்லும் செய்தி முறையில், ஆள் அனுப்பிச் சொல்லும் ஏற்பாடு 1990-லேயே ஆர்எஃப்சி 1191 என்ற இணைய விதி ஆவணத்தில் இருக்கிறது. நடுவில் ஒரு புண்ணியவான் பாதுகாப்பு என்று சொல்லி ஃபயர்வாலில் அந்த ஐசிஎம்பி செய்தியை அடைத்து வைத்திருக்கிறான்! துண்டாக்காதே என்று சொல்லி, அந்தப் பக்கம் போய்த் திரும்புகிறதா என்று பார்க்கும் பிங் அடித்தேன்: 1472 பைட் போகவில்லை, 1372 போனது. ஹெடர் 28 சேர்த்தால் 1400. டனல் வாசலில் எம்எஸ்எஸ்ஸை, அதாவது ஹெடர்கள் போக ஒரு துண்டில் ஏற்றும் டேட்டாவின் அளவை, 1360 ஆக்கினோம், ஒரே வரி. எல்லாம் ஓடியது.

லாகில் இருந்த அந்த 'அனுப்பியாச்சு'தான் இன்னும் உறுத்துகிறது. சாக்கெட்டில் (நெட்வொர்க்குக்குப் போகும் வாசல்) எழுதியது வெற்றி என்றால் கர்னல், அதாவது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையம், தன் பஃபரில் வாங்கி வைத்துக்கொண்டது, அவ்வளவுதான். போய்ச் சேருமா என்று அந்த நேரத்தில் அதற்கே தெரியாது. பதினோரு வருடமாக இதில் சோறு சாப்பிடுகிறேன், இதைத் தெரியாமல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கோடில் கடைசியாகக் கை வைத்தவன் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன். முதல் நாளே எல்லார் முன்னாலும் 'என்னப்பா பண்ணி வைத்தாய்?' என்று கேட்டுவிட்டேன். அவன் இரண்டு ராத்திரி தன் பன்னிரண்டு வரியையே படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். மன்னிப்புக் கேட்டேன், 'பரவாயில்லை சார்' என்றான். அந்த 'சார்' இன்னும் காதில் இருக்கிறது. அந்த ஒரு பிங்கை முதல் நாளே அடித்திருந்தால் அவன் தூங்கியிருப்பான்.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாய்தானே? ஒரு நாள் முன்னதாக வந்து எங்கள் பசங்களுக்கு டிசிபிடம்ப் படிக்கக் காட்டு. நானும் கடைசி பெஞ்சில்தான் உட்காருவேன், ஆனால் சொட்டை வாத்தியார் வகுப்பு மாதிரி இல்லை, இந்தத் தடவை விழித்திருப்பேன். பரோட்டா என் செலவு. பழைய கணக்கையும் சேர்த்து.