காற்றாலையில் ஊராருக்கும் பங்கு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காற்றாலை மின்சாரம் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் ஒரு யூனிட் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதோடு முடிந்துவிடுகின்றன. அதனால் வரும் ஆதாயம் யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்று கேட்பவர்கள் குறைவு.

காற்றாலைக்கு ஆகும் செலவில் பெரும்பகுதி அதை நிறுவும்போதே முடிந்துவிடுகிறது. அதன்பின் 20, 25 ஆண்டுகளுக்குப் பராமரிப்பு, நிலக் குத்தகை, கடன் தவணை ஆகியவைதான் மிச்சம் என்பதால், நிலக்கரியும் எரிவாயுவும் உலகச் சந்தையில் என்ன விலைக்குப் போனாலும் அதன் உற்பத்திச் செலவு அசைவதில்லை. எரிபொருளுக்குப் பெரிதும் இறக்குமதியை நம்பியிருந்த டென்மார்க், 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியில் அடிபட்டுக் கற்ற பாடம் இது; இன்று அந்நாட்டின் மின்தேவையில் ஏறத்தாழப் பாதியைக் காற்றே ஈடுசெய்கிறது. குளிர்விப்பதற்காக அனல்மின் நிலையம் விழுங்கும் தண்ணீரும் காற்றாலைக்குத் தேவையில்லை.

காற்றின் வேகம் பாதியாகக் குறைந்தால் அதிலுள்ள ஆற்றல் எட்டில் ஒரு பங்காகச் சரிந்துவிடும் என்பது மறுக்க முடியாத குறைதான். ஆயினும் நார்வே, சுவீடன் நாடுகளின் நீர்மின்சாரத்தோடு கம்பிவழி இணைந்திருப்பதால் டென்மார்க் அதைச் சமாளிக்கிறது.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. கோபுரத்தின் அடித்தளமும், அதற்குச் செல்லும் பாதையும், மின்மாற்றி நிற்கும் இடமும் போக மீதி நிலத்தில் உழவு வழக்கம்போல் நடக்கிறது. டிராக்டர் கோபுரத்தைச் சுற்றி வளைந்து போகிறது, அவ்வளவுதான். விளைச்சல் பொய்த்த ஆண்டிலும் குத்தகைப் பணம் தவறாமல் வருவது நில உரிமையாளருக்குப் பேருதவி. அடுத்த வீட்டுக்காரருக்கோ இறக்கைகளின் இரைச்சலும், சன்னல் வழியே விட்டுவிட்டு விழும் அவற்றின் நிழலும்தான் மிஞ்சுகின்றன. எதிர்ப்பு அங்கிருந்துதான் கிளம்புகிறது. அதை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமாகாது.

டென்மார்க் இதற்கு வழி கண்டது. அதன் தலைநகர் கோபன்ஹேகனை ஒட்டிய கடலில் 2000ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மிடில்குருண்டன் காற்றாலைத் தொகுதியில் 20 காற்றாலைகள், மொத்தம் 40 மெகாவாட். அவற்றில் பாதியை 8,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் சேர்ந்த கூட்டுறவுச் சங்கம் சொந்தமாக வாங்கியது. பின்னர், 2009இல் நடைமுறைக்கு வந்த சட்டம், நிலத்தில் காற்றாலை அமைப்போர் குறைந்தது 20 விழுக்காடு உரிமைப் பங்குகளை அப்பகுதி மக்களுக்கு விற்பனைக்கு வைக்க வேண்டும் என்றது. 2020இல் அந்த விதி கைவிடப்பட்டு, அருகில் வசிக்கும் குடும்பங்களுக்கு உற்பத்தியைப் பொறுத்து ஆண்டுதோறும் ஒரு தொகை வழங்கும் முறை வந்தது.

காற்றாலைகளுக்கு அனுமதி வழங்கும் அரசுகள் இவ்விரண்டில் ஒன்றையாவது அனுமதியின் நிபந்தனையாக்க வேண்டும். பங்கு வாங்கக் கையில் காசில்லாதவர்களே அதிகம் வாழும் ஊர்களுக்குப் பின்னதே பொருந்தும் என்பது என் கருத்து.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்